பைஜாமாவுக்கு அடியில் மூன்று தொட்டிகள்

"உன் துணியிலேர்ந்து என் செடி மேல தண்ணி சொட்டுது, தவ்லத்."

"செடிக்குத் தண்ணி பிடிக்காதா, இன்ஷிரா?"

"சோப்புத் தண்ணி."

"குளிச்ச மாதிரி இருக்கும், விடு."

இரண்டு வருடங்களாகக் காலைத் தேநீரோடு நான் கேட்டுவந்தது இதைத்தான். ஷுப்ரா பேட்டையில் எங்கள் தெரு அவ்வளவு குறுகல். எதிர்க் கட்டடத்தில் யார் வெங்காயம் நறுக்கினாலும் என் கண் கலங்கும். அங்கே மூன்றாம் மாடியில் இன்ஷிரா, அவளுக்கு நேர் மேலே நான்காவதில் தவ்லத். இரண்டு பால்கனிகளும் மேற்குப் பார்த்தவை. மதியத்துக்கு மேல் வெயில் அழையாமல் உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்துவிடும். தவ்லத்தின் துணிக்கொடி இரும்புக் கைகளில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் அவள் படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டால் கீழ் வீட்டுக்குத் திரை போட்டதுபோல் ஆகிவிடும்.

இன்ஷிரா வளர்ப்பது சப்பார். தடித்த இலைகளில் தண்ணீரைத் தேக்கிவைத்துக்கொண்டு, சின்னத் தொட்டியில் தாமரைபோல் அடுக்காக உட்கார்ந்திருக்குமே, அந்தச் செடிகள். எங்கள் பேச்சில் பொறுமைக்கும் அதற்கும் ஒரே வேர்ச்சொல். இன்ஷிராவிடம் அந்த வேர் பிடிக்கவே இல்லை.

அந்த வருடம் அவை வெறும் செடிகளாகவும் இல்லை. அவள் அக்கா மகள் ஷாஹிந்தா முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். பிள்ளை பிறந்த ஏழாம் நாள் விருந்தில் வருகிறவர்களுக்கு ஏதாவது கையில் கொடுத்தனுப்ப வேண்டும். ஷாஹிந்தாவின் கணவனுக்கு புசைனா என்று ஒரு சித்தி. பீங்கானில் குட்டிச் செருப்பு செய்து, அதற்குள் சர்க்கரை பூசிய பாதாம் போட்டுத் தரலாம் என்றாள் அவள். அத்தனை பேர் இருக்கும்போது இன்ஷிரா சொல்லிவிட்டாள்:

"நாப்பது பேருக்கும் என் கையால வளத்த சப்பார் தரேன். பீங்கான் செருப்பை யாரு கால்ல மாட்டிக்குவா?"

புசைனா சிரித்தாள். "சரிம்மா. வாடிப்போச்சுன்னா தயங்காம சொல்லு. பீங்கான் கடை எப்பவும் திறந்துதான் இருக்கு."

அன்றிலிருந்து இன்ஷிராவுக்கு அந்த நாற்பது தொட்டிகள்தான் மானம். மானத்தின் மேல் சோப்புத் தண்ணீர் சொட்டுவதை எப்படிப் பொறுத்துக்கொள்வாள்? குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினாள். அவரவர் பால்கனிக் கம்பிக்குக் கீழே தொங்கும்படி யாரும் எதையும் காயப்போடக் கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. மறுநாள் காலை தவ்லத் விரிப்புகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள்.

"திருப்தியா, இன்ஷிரா ஹானம்? இனிமே மொட்டை மாடிக்குச் சுமந்துக்கிட்டுப் போறேன். என் முழங்காலுக்கு நீ பதில் சொல்லு."

"முழங்காலுக்கு டாக்டர் இருக்கார், தவ்லத் ஹாஜா."

உருவிய வேகத்தில், தவ்லத்தின் கணவர் ஹாஜ் ரிஃபாத்தின் கோடு போட்ட பைஜாமா ஒன்று கிளிப்பிலிருந்து நழுவிக் கீழே போயிற்று. இன்ஷிராவின் செடி அடுக்கின் மூலையில், கம்பிமேல் ஒரு கால், தொட்டிகள்மேல் ஒரு காலாக விழுந்து, கடைசி மூன்று தொட்டிகளுக்குக் கூடாரம் போட்டதுபோல் நின்றது.

இப்படி விழுவது புதிதல்ல. மேலே இருப்பவள் ஒரு குரல் கொடுத்துக் கூடையைக் கயிற்றில் இறக்குவாள். கீழே இருப்பவள் மடித்துப் போட்டு, கூடவே நாலு எலுமிச்சம்பழமும் வைத்து அனுப்புவாள். இந்தத் தடவை கூடை இறங்கவில்லை.

"அதை எடுத்துக் குடுத்துடேன்," என்றேன் இன்ஷிராவிடம்.

"அவ கேக்கட்டும்."

மேலே பார்த்து, "நீ கேட்டு வாங்கிடேன்," என்றேன்.

"நான் ஏன் கேக்கணும்? அடுத்தவங்க பொருளை வெச்சிருக்கிறவங்க குடுக்கணும்."

உள்ளேயிருந்து ஹாஜ் ரிஃபாத்தின் குரல் வந்தது. "யாராவது ஒருத்தர் ஏதாவது பண்ணுங்கம்மா. இடுப்பை இறுக்காத பைஜாமா எனக்கு அது ஒண்ணுதான்."

யாரும் எதுவும் செய்யவில்லை. இன்ஷிரா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போதுகூட அந்த மூலைக்குப் போகமாட்டாள். பைஜாமாவைத் தூக்கினால் தோற்றதாகிவிடுமாம்.

திரை போன பிறகு வெயில் மதியம் முதல் அந்தி வரை செடிகள்மேலேயே குடியிருந்தது. முதலில் இலை நுனிகளில் மட்டும் மருதாணி வைத்தாற்போல் ஒரு சிவப்பு. பிறகு ஓரமெல்லாம் சிவந்து, சில செடிகள் பவழமாகவே ஆயின. தெருவில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். இன்ஷிரா வாசலில் நிற்கும் கல்யாணப் பெண்ணின் தாய்போல் பால்கனியில் நிற்பாள். ஹானியின் அம்மா என்பதால் என்னை உம் ஹானி என்று கூப்பிடுவாள்.

"பாத்தியா, உம் ஹானி? அவ துணி போனதும் பிள்ளைங்க கன்னத்துல எப்படி ரத்தம் ஊறியிருக்கு."

"வெயில் உறைச்சுச் சிவந்திருக்குமோ?"

"சந்தோஷத்துல சிவந்திருக்கு."

இலையெல்லாம் கெட்டியாகத்தான் இருந்தது. அதனால் நானும் விட்டுவிட்டேன். என் முகம்கூட அடுப்புக்கு முன்னால் சிவக்கும். அதற்காக யாரும் எனக்கு மருந்து கொடுத்ததில்லை.

அப்போதுதான் தவ்லத் மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள். சமாதானத்துக்கு ஒரு படி இறங்கி வரலாம் என்று நினைத்திருப்பாள்போல.

"எவ்வளவு சிவப்பு. ரொம்ப அழகா இருக்கு, இன்ஷிரா."

அவ்வளவுதான் சொன்னாள். எதைப் புகழ்ந்தாலும் கண் படாமலிருக்கக் கூடவே சொல்ல வேண்டிய மாஷா அல்லாஹ்வைச் சொல்லவில்லை. இன்ஷிரா முந்தானைபோல் தன் தலைத்துணியை இழுத்துச் செடிகளை மறைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரமே கமாசீன் காற்று வந்தது. பாலைவனத்தை அள்ளிக்கொண்டு வந்து சூட்டோடு முகத்தில் எறிகிற காற்று. காற்று அடங்கியபோது இன்ஷிராவின் பிள்ளைகளின் கன்னத்தில் சிவப்பு இல்லை. வெளிறிப்போய், இலைமேல் இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்தாற்போல் பழுப்புத் திட்டுகள். தொட்டால் வெங்காயச் சருகுபோல் சலசலத்தது.

"கண்ணு," என்றாள் இன்ஷிரா. "நாலாம் மாடிக் கண்ணு."

"தண்ணி குறைவா இருக்கும்," என்றேன், அது செடியைக் கெடுக்கும் யோசனை என்று தெரியாமல். அவள் குடம் குடமாக ஊற்ற ஆரம்பித்தாள். சில தொட்டிகளில் அடி இலைகள் வேகவைத்த கத்தரிக்காய்போல் மஞ்சளாகிக் குழைந்தன. அது இன்னும் பலமான கண் என்பதற்கு அத்தாட்சியாயிற்று.

ஒரு மத்தியானம் அவள் காகிதத்தில் பொம்மை வெட்டிக்கொண்டு ஊசியோடு பால்கனியில் உட்கார்ந்தாள். கண் வைத்தவர்கள் பேரைச் சொல்லிச் சொல்லிக் குத்தி, பொம்மையைக் கொளுத்திப் புகை காட்டினால் கண் கழியும் என்பது எங்கள் வழக்கம்.

"பழக்காரன் கண்ணுக்கு ஒரு குத்து. இரண்டாம் மாடி வாத்தியார் கண்ணுக்கு ஒரு குத்து. புசைனா கண்ணுக்கு ரெண்டு. உம் ஹானி கண்ணுக்கு ஒரு குத்து."

"என் பேருமா?"

"நீ தினமும் பாக்கிற. விட்டுட்டா பலிக்காது. மனசுல வெச்சுக்காதே."

"வெச்சுக்கல. மெதுவா குத்து."

"தவ்லத் கண்ணுக்கு," என்று தொடங்கியவள், பொம்மையின் தலை கிழிகிற வரை நிறுத்தவில்லை. பிறகு தீ வைத்தாள். புகை நேராக மேலே போயிற்று.

"என்னடி கருகுது?" என்று மேலேயிருந்து குரல்.

"உன் கண்ணு."

கதவு அறைகிற சத்தம், பிறகு மாடிப்படியில் செருப்புச் சத்தம். தவ்லத் முழங்கால் வலியோடு இறங்குகிறாள் என்றால் விஷயம் பெரிது. நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவைத் தாண்டி ஓடினேன். சண்டையை விலக்கத்தான் போனேன். ஒரு சொல் விட்டுப்போகாமல் கேட்கவும்தான்.

போனபோது இருவரும் பால்கனியில் நின்றிருந்தார்கள்.

"என் வீட்டுக்காரர் பைஜாமாவைக் குடு. நான் போறேன். இத்தனை வருஷம் உன் வீட்டு உப்பைத் தின்னவ, உன் செடிக்குக் கண்ணு வெச்சேன்னு தெருவெல்லாம் புகை விடற. என் பேத்திகளுக்குக்கூட என் கண்ணு பட்டதில்ல."

"மாஷா அல்லாஹ் சொன்னியா நீ?"

"சொல்ல வாயெடுத்தேன். நீ தலைத்துணியால மூடிட்ட."

"நாக்குல வேகமா வரணும் அது. பாரு, எல்லாம் தீஞ்சுபோச்சு. ஷாஹிந்தாவுக்கு வயிறு இறங்கியாச்சுன்னு அக்கா சொல்றா. புசைனா முன்னாடி நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிப்பேன்?"

அவள் குரல் அங்கே உடைந்தது. தவ்லத் அதைக் கேட்டாள். கோபத்தோடேயே குனிந்து ஒரு தொட்டியை எடுத்துச் சுற்றிப் பார்த்தாள்.

"இது ஒரு பக்கம்தான் தீஞ்சிருக்கு. பின்பக்கம் பச்சையா இருக்கே."

"உன் கண்ணு பட்ட பக்கம்."

"நான் மேல இருக்கேன். என் கண்ணு பட்டா உச்சி தீயணும். இது தெருப்பக்கம் தீஞ்சிருக்கு. தெருவுக்கு அந்தப் பக்கம் யாரு வீடு?"

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"நான் வேணும்னா வீட்டுக்குப் போயிடட்டுமா?" என்றேன்.

"நில்லு," என்றாள் இன்ஷிரா.

அப்போது என் வீட்டு மாடிக்கு மேலாக வெயில் சாய்ந்து வந்து மூவர் முகத்திலும் அடித்தது. தவ்லத் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "முதல்ல பைஜாமா," என்று மூலையில் கிடந்ததைப் பிடித்துத் தூக்கினாள்.

அடியில் மூன்று தொட்டிகள். புதுமணப் பெண்களைப்போல் மூன்று செடிகள். பளிச்சென்ற பச்சை, நுனியில் மட்டும் ரோஜா நிறம், இலை ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று. ஒரு திட்டு இல்லை, ஒரு சருகு இல்லை.

இன்ஷிரா விரலால் மண்ணைத் தொட்டாள். எலும்பாகக் காய்ந்திருந்தது.

"இதுக்கு நான் தண்ணியே ஊத்தல," என்றாள் மெதுவாக.

"வெயிலும் ஊத்தல," என்றேன்.

"பைஜாமா ஊத்த விடல," என்றாள் தவ்லத். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விழுந்தபோது நீலக் கோடு. இப்போது மேல்பக்கம் கோடே தெரியவில்லை, வெளுத்துவிட்டது. "உன் செடிக்கு விழ வேண்டியதையெல்லாம் இது வாங்கியிருக்கு."

இன்ஷிரா மோடாவில் உட்கார்ந்தாள். நாற்பது செடிகளையும் யார் இத்தனை நாள் காப்பாற்றி வந்தார்கள் என்று அவளுக்கு இப்போது விளங்கியது. கூட்டத்தில் எழுந்து நின்று, தீர்மானம் போட்டு, தன் செடிகளின் குடையைத் தானே பிடுங்கிப் போட்டிருக்கிறாள். தவ்லத்துக்கும் அது விளங்கிற்று. ஆனால் உடனே அதைச் சொல்லவில்லை. அது அவளுடைய பெருந்தன்மை என்று நினைத்தேன். இல்லை, நிதானமாக அனுபவிப்பதற்காக.

"நீ சொன்னது தப்பில்லடி," என்றாள். "கண்ணுதான் பட்டுது."

"ஒத்துக்கறியா?"

"என் கண்ணு இல்ல. சூரியனோட கண்ணு. உன் அக்கா மக குடியிருக்கிற பேட்டை பேரு என்ன?"

"ஐன் ஷம்ஸ்," என்று சொல்லிவிட்டு, இன்ஷிரா தன் வாயையே கேட்டாள். ஐன் என்றால் கண். ஷம்ஸ் என்றால் சூரியன். பிறந்ததிலிருந்து சொல்லும் பேர். பஸ் பலகையில் தினமும் பார்க்கிற பேர்.

சிரிப்பு முதலில் என்னிடமிருந்துதான் வந்தது. பிறகு தவ்லத். இன்ஷிரா கொஞ்ச நேரம் பிடிவாதமாக இருந்துவிட்டுக் கடைசியில் சேர்ந்துகொண்டாள்.

சிரித்து முடித்ததும் அவள் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

"துணியெல்லாம் இப்போ எங்க காயப்போடற, தவ்லத்?"

"மொட்டை மாடில."

"ரொம்ப ஏறணுமே."

"ஏறணும்."

"முழங்கால் வலிக்குமே."

"வலிக்குது."

"கீழேயே போடலாமே."

"எங்க கீழே?"

"கீழேன்னா... முன்னாடி போட்ட இடத்துல."

"எனக்கு இந்தக் காது சரியாக் கேக்காது. இந்தப் பக்கம் வந்து சொல்லு."

இன்ஷிரா எழுந்து மறுபக்கம் போய்ச் சொன்னாள். தவ்லத் அந்தக் காதும் சரியில்லை என்றாள். மூன்றாம் தடவை சொன்னபோது வாசலில் பழக்காரனுக்கே கேட்டது.

பிறகு நிபந்தனைகள். கம்பளம் போடக் கூடாது. இருட்டாகிவிடும், செடி வெளிச்சம் தேடிக் கழுத்தை நீட்டும். நன்றாகப் பிழிந்த மெல்லிய வெள்ளை விரிப்பு மட்டும், மதியத் தொழுகையிலிருந்து வெயில் தணிகிற வரை. அதற்கு முன்னும் பின்னும் செடிக்கு வெளிச்சம் வேண்டும். ஹாஜ் ரிஃபாத்தின் கோட்டுப் பைஜாமாவுக்கு மட்டும் எந்த நேரமும் அனுமதி. தண்ணீரை இன்ஷிரா நிறுத்தினாள். குழைந்த இலைகளைக் கிள்ளி எறிந்து, அந்தத் தொட்டிகளைச் சுவரோரம் உலரவைத்தாள். தீய்ந்த இலைகளைக் கிள்ளப்போனவளின் கையை நான் தட்டிவிட்டேன். அந்த வடு ஆறாது, ஆனால் அடியில் வருகிற குருத்துக்கு அதுவாவது நிழல்.

அதன் பிறகு என் தேநீர் நேரம் காலையிலிருந்து மதியத்துக்கு மாறிப்போனது.

"இன்னிக்கு என்ன துணி, தவ்லத்?"

"துவாலை."

"துவாலை பத்தாதே."

"எங்க வீட்ல ரெண்டே பேரு. தினமும் விரிப்பு அழுக்காகுமா?"

கூடை இறங்கும். இன்ஷிரா தன் வீட்டு விரிப்பை மடித்து வைப்பாள்.

"இது துவைச்சதா?"

"துவைச்சது, காய்ஞ்சது, இஸ்திரி போட்டது."

"பின்ன எதுக்குடி காயப்போடணும்?"

"போடு, சொல்றேன்."

குடியிருப்போர் தலைவர் இஞ்சினியர் ஒருநாள் தெருவில் நின்று தீர்மானத்தை நினைவுபடுத்தினார். மூன்றாம் மாடியிலிருந்து இன்ஷிரா சொன்ன பதிலில், அவர் அதன் பிறகு அந்தப் பக்கம் அண்ணாந்து பார்க்கவில்லை.

குருத்துகள் துளிர்க்கத் தொடங்கின. ஆனால் அவை வடுவை மூடுகிற அளவு வளர்வதற்குள் ஷாஹிந்தாவுக்குச் சொன்ன நாளுக்கு முன்பே பெண் பிறந்துவிட்டது. ஏழாம் நாளுக்கு முந்தின மாலை நாங்கள் மூவரும் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முப்பத்தேழு தழும்புச் செடிகள், மூன்று அழகிகள்.

"பீங்கான் கடைக்கு ஃபோன் பண்ணு," என்றாள் இன்ஷிரா. "நான் தோத்தேன்."

தவ்லத் எழுந்து மேலே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பொட்டலம் நிறைய, கண் படாமலிருக்கக் கட்டும் நீல மணிகள். "ஒவ்வொரு தொட்டிலயும் ஒண்ணு பதிச்சு வை. அங்க நீ வாயைத் திறக்காதே. பேசறது என் வேலை."

ஐன் ஷம்ஸில் விருந்து களைகட்டியிருந்தது. எங்கள் வழக்கப்படி பிள்ளையைச் சல்லடையில் போட்டுக் குலுக்கி, காதோரம் பித்தளை உரலை இடித்து, அம்மா சொல்லைக் கேள், அப்பா சொல்லைக் கேட்காதே என்று சொல்லியாகிவிட்டது. உப்புத் தூவியாயிற்று. எல்லோர் கையிலும், பிள்ளை பெற்ற வீட்டில் தருகிற சூடான மொகாத் பானம். புசைனா மேசையருகே வந்து ஒரு தொட்டியைத் தூக்கினாள்.

"என்ன இது, இஸ்திரி போட்டு எடுத்துட்டு வந்தீங்களா?"

இன்ஷிராவின் முகம் போன இடம் தெரியவில்லை.

"மெதுவா பேசு," என்றாள் தவ்லத், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஷாஹிந்தா உண்டான நாள்லேர்ந்து இந்தச் செடியெல்லாம் பிள்ளை பேர்ல வளந்தது. பிள்ளை மேல விழ வேண்டிய கண்ணையெல்லாம் இதுதான் வாங்கியிருக்கு. பாரு, ஒவ்வொரு திட்டும் ஒரு கண்ணு. பிள்ளை எப்படி இருக்கா, சொல்லு."

எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள். கொழுகொழுவென்று, ஒரு திட்டு இல்லாமல் இருந்தது. எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். பிறகு எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள்.

அதன் பிறகு நடந்ததை விருந்து என்று சொல்ல முடியாது.

"எனக்கு அது. ரெண்டு பக்கமும் தீஞ்சது."

"நான் முதல்ல கை வெச்சேன்."

"என் மகனுக்குப் புதுக் கடை. நல்லா கருகினதாப் பாத்துக் குடும்மா."

புசைனா யாரும் பார்க்காதபோது ஒன்றைக் கைப்பையில் போட்டாள். எல்லோரும் பார்க்கும்போது இன்னொன்றைக் கேட்டாள். "என் மருமகளுக்கு. இருக்கிறதுலேயே மோசமானது எது, இன்ஷிரா?" வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்ததால் இன்ஷிரா விரலால் காட்டினாள். அப்படி ஒரு விரல் நீட்டலை நான் ராணிகள் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

மேசையில் மிஞ்சியவை அந்த மூன்று அழகிகள். ஓர் அம்மாள் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணுமே வாங்கலையே," என்று திருப்பி வைத்துவிட்டுப் போனாள். டாக்சியில் ஆளுக்கு ஒன்றாக மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் மத்தியானம் இன்ஷிரா பால்கனிக்கு வந்து மேலே பார்த்தாள்.

"தவ்லத், இன்னிக்குத் துணி போடாதே."

"ஏன்?"

"புசைனா ஃபோன் பண்ணினா. அவ தங்கச்சிக்கும் ஒண்ணு வேணுமாம், தீஞ்சது. இந்த மூணையும் வெயில்ல வெச்சிருக்கேன்."

"பாவம்டி அதுங்க."

"புசைனா கெஞ்சிக் கேக்கறா, தவ்லத். புசைனா."

இன்ஷிரா உள்ளே போய்விட்டாள். வெயில் என் வீட்டு மாடிக்கு மேலாகச் சாய்ந்து எதிர்ப் பால்கனியில் இறங்கத் தொடங்கிய நேரம், நான்காம் மாடியிலிருந்து என்னவோ நழுவியது. கோடு வெளுத்த பைஜாமா. ஒரு கால் கம்பிமேல், ஒரு கால் தொட்டிகள்மேலாக மூன்றையும் மூடிக்கொண்டு விழுந்தது. காற்று இலை அசைகிற அளவுக்குக்கூட இல்லை.

இன்ஷிரா சத்தம் கேட்டு வெளியே வந்தாள். பைஜாமாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தேநீரைப் பார்த்தேன்.

"உங்க வீட்டுக்காரர் பைஜாமா விழுந்திருக்கு, தவ்லத்."

"தெரியும்."

"எடுத்துக் குடுக்கட்டுமா?"

"இருக்கட்டும். நான் கேக்கும்போது குடு."

"எப்போ கேப்ப?"

"வெயில் காலம் முடியட்டும்."

உள்ளேயிருந்து ஹாஜ் ரிஃபாத் ஏதோ முனகினார். இன்ஷிரா பைஜாமாவின் ஓரத்தை இழுத்து, மூன்றாவது தொட்டியையும் சரியாக மூடிவிட்டு, உள்ளே போனாள்.